எந்தச் சர்ச்சு, எந்தத் தெரு, எப்போ கல்யாணம்?

போன இதழுக்கே திங்கள்சந்தையிலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது, இடமில்லாமல் தள்ளிப் போட்டேன். அதற்குள் அதே மாதிரி இன்னும் ஏழெட்டுக் கடிதங்கள் வந்துவிட்டன, எல்லாம் நம் குமரி மாவட்டத்திலிருந்துதான். அதனால் இந்தத் தடவை பகுதி முழுக்க ஒரே விஷயம்: வேலை கேட்கப் போன இடத்தில் நடக்கும் பாகுபாடு, அதில் மாநில அரசுக்கு என்ன பொறுப்பு. தொழிலாளர் துறையில் 27 வருஷம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். வக்கீல் இல்லை. துறையின் பெருமையும் தெரியும், சோம்பலும் தெரியும்.

சார், நான் பி.காம் முடித்து டேலி என்ற கணக்கு மென்பொருளும் படித்திருக்கிறேன். நாகர்கோவிலில் ஒரு நகைக்கடையில் கணக்கு எழுத ஆள் எடுத்தார்கள். உள்ளே போனதும் மேனேஜர் என் பயோடேட்டாவைத் திறக்கக்கூட இல்லை. "உனக்க வீட்டுப் பேரு என்ன? எந்தச் சர்ச்சு? சி.எஸ்.ஐ-யா, ஆர்.சி-யா, சபையா?" என்று கேட்டார். சொன்னேன். "ஊருல எந்தத் தெரு?" சொன்னேன். பிறகு, "வீட்டுல கல்யாணம் பேசுறாவளா?" என்று கேட்டார். "சொல்லி அனுப்புகிறோம்" என்று அனுப்பிவிட்டார்கள். என்னோடு வந்த பையனுக்கு டேலி தெரியாது, அவனுக்கு வேலை கிடைத்துவிட்டது. அப்பா, "தனியார் கடை, அவன் இஷ்டம், அரசாங்கம் என்ன செய்யும்" என்கிறார். உண்மையா?
— வாசகி, திங்கள்சந்தை

அப்பா சொன்னதில் பாதி சரி. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நான் உங்களுக்கு ஆசை காட்டியதாக ஆகிவிடும்.

அரசமைப்புச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, மதம், இனம், சாதி, பால், வம்சம், பிறந்த இடம், குடியிருக்கும் இடம் இவற்றைக் காட்டி யாருக்கும் வேலை மறுக்கக் கூடாது என்கிறது. ஆனால் அது சொல்வது அரசு வேலையை. தாலுகா ஆபீசில் ஒருவர் இப்படிக் கேட்டு உங்களுக்கு வேலை தராமல் விட்டால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு நேராக ரிட் மனு போடலாம். நகைக்கடைக்கு அந்த வழி இல்லை. தனியார் முதலாளி மதமோ சாதியோ பார்த்து வேலை மறுக்கக் கூடாது என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லும் ஒரு சட்டம் இந்த நாட்டில் இன்னும் வரவில்லை. இத்தனைக்கும் வேலையில் பாகுபாட்டை ஒழிப்போம் என்கிற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 111-ஆம் உடன்படிக்கையை இந்தியா 1960-லேயே ஏற்றுக்கொண்டது. ஏற்று 65 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

இனி அப்பா சொல்லாத பாதி. 1982-இல் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக மைதானமும் மேம்பாலமும் கட்டினார்கள். வேலை அரசுடையது, ஆட்களைக் கூட்டி வந்தவர்கள் ஒப்பந்ததாரர்களும் அவர்களுக்குக் கீழே இருந்த ஜமேதார்களும். அப்போது குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 9 ரூபாய் 25 காசு, அதில் ஜமேதார் ஒரு ரூபாயைக் கமிஷனாக எடுத்துக்கொண்டார். பெண்களுக்கு 7 ரூபாய்தான் தருகிறார்கள் என்பது புகார். உச்ச நீதிமன்ற நீதிபதி பகவதிக்கு ஒரு கடிதம் போயிற்று, அந்தக் கடிதமே வழக்காக எடுத்துக்கொள்ளப்பட்டது. அரசு சொன்ன பதில் என்ன தெரியுமா? உங்கள் அப்பா சொன்னதேதான். கூலி கொடுப்பது ஒப்பந்ததாரர், நாங்கள் என்ன செய்வது. உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. தீண்டாமை, கட்டாய உழைப்பு, குழந்தை உழைப்பு போன்றவற்றில் அடிப்படை உரிமையை மீறுவது தனியாராக இருந்தாலும் அதைத் தடுத்து நிறுத்துவது அரசின் கடமை, பாதிக்கப்பட்டவர் தானே கோர்ட்டுக்குப் போக முடியும் என்பதால் அந்தக் கடமை தீர்ந்துவிடாது என்று சொன்னது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதையே கட்டாய உழைப்பு என்றது. சம ஊதியச் சட்டத்தை ஒப்பந்ததாரர் மீறினால் அதற்கும் அரசு பொறுப்பு என்றது.

ஆகவே அரசுக்கு வேலை இரண்டு. தான் முதலாளியாக இருக்கும் இடத்தில் ஆள் பார்க்காமல் இருப்பது ஒன்று. அடுத்தவன் ஆள் பார்க்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்காமல் இருப்பது இன்னொன்று. இரண்டாவதைத்தான் நம் ஆட்கள் கேட்பதே இல்லை.

சரி, உங்கள் இன்டர்வியூவுக்கு வருவோம். மூன்று கேள்வி.

எந்தச் சர்ச்சு என்பது நம் மாவட்டத்தில் தேங்காய் விலை கேட்பது மாதிரி சகஜமாகக் கேட்கும் கேள்வி. 2011 கணக்கெடுப்பில் குமரியில் இந்துக்கள் 48.6 சதவீதம், கிறிஸ்தவர்கள் 46.8 சதவீதம். இப்படிப் பாதிக்குப் பாதி இருக்கும் ஊரில் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரே கேட்டுவிடுவார். ஆனால் சம்பளம் தரப்போகிறவர் கேட்கும்போது அதன் எடை வேறு. இந்தக் கேள்வி ஒன்றை மட்டும் வைத்து நீங்கள் சட்டப்படி அவரைப் பிடிப்பது கஷ்டம். அது சட்டத்தின் ஓட்டை, உங்கள் தவறில்லை. (சிறுபான்மையினர் நடத்தும் பள்ளி, கல்லூரி என்றால் 30-ஆம் பிரிவில் அவர்களுக்கு நிர்வாக உரிமை உண்டு, அது தனிக் கதை. நகைக்கடைக்கு அது கிடையாது.)

எந்தத் தெரு என்பது சாதி கேட்கும் நாகரிகமான முறை. நீங்கள் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருந்து, அதற்காகவே மறுக்கப்பட்டிருந்தால், 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தனியாருக்கும் பொருந்தும். மற்றவர்களுக்குத் திறந்திருக்கும் ஒரு வேலையை, தொழிலை ஒருவருக்குச் சாதியால் தடுப்பது அதில் குற்றம். ஆனால் நீங்கள் சர்ச்சுக்குப் போகிறவர் என்று எழுதியிருக்கிறீர்கள், அங்கேதான் நம் மாவட்டத்துக்கென்றே உள்ள ஒரு சங்கடம் வருகிறது. 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி என்பது இந்து, சீக்கிய, பௌத்த மதங்களுக்குள் மட்டும். கிறிஸ்தவராக மாறியவர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார், வன்கொடுமைச் சட்டத்துக்குள் வர மாட்டார். தெருவைக் கேட்டவனுக்கு ஞானஸ்நானம் ஒரு பொருட்டே இல்லை, சட்டத்துக்கு மட்டும்தான் அது பெரிய விஷயம். எனக்கு இது இன்றுவரை நியாயமாகப் படவில்லை.

மூன்றாவது, கல்யாணம் பேசுகிறார்களா என்றது. மூன்றில் அதுதான் ரொம்பச் சாதாரணமாக உங்களுக்குப் பட்டிருக்கும். சட்டம் நேராகப் பிடிக்கக்கூடியதும் அதுதான். கூட வந்த பையனிடம் இதைக் கேட்டார்களா என்று விசாரியுங்கள். கேட்கவில்லை என்றால், பெண் என்பதால் உங்களுக்கு ஒரு தடை, ஆணுக்கு அது இல்லை. ஆள் எடுப்பதில் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்று 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் சொன்னது. இப்போது அது 2019-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்புக்குள் வந்து, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. 2024-இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஐபோன் பூட்டும் ஆலையில் கல்யாணமான பெண்களை எடுப்பதில்லை என்று செய்தி வந்தபோது, ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் இந்த 1976 சட்டத்தைத்தான் காட்டி நம் மாநிலத் தொழிலாளர் துறையிடம் அறிக்கை கேட்டது. அதாவது விசாரிக்க வேண்டியவர் மாநில அரசு. அதே 2024-இல் கல்யாணம் செய்துகொண்டதற்காக வேலையிலிருந்து அனுப்பப்பட்ட ஒரு ராணுவ நர்சுக்கு 60 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். அவர் பணி போனது 1988-இல், 36 வருஷம் ஆகியிருக்கிறது. அவ்வளவு நாள் காத்திருக்கச் சொல்லவில்லை, ஆனால் விஷயம் எடுபடும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது செய்ய வேண்டியது. இன்றைக்கே ஒரு நோட்டில் தேதி, நேரம், யார் கேட்டது, என்ன வார்த்தையில் கேட்டது என்று எழுதுங்கள். "உனக்க வீட்டுப் பேரு என்ன" என்றால் அப்படியே எழுதுங்கள், நல்ல தமிழில் திருத்தாதீர்கள். விளம்பரம் வந்த பேப்பரையோ வாட்ஸப் படத்தையோ எடுத்து வையுங்கள். பிறகு நாகர்கோவிலில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்துக்கு ஒரு பக்க மனு. பொதுவாக, "பெண்களுக்கு அநீதி நடக்கிறது" என்று எழுதாதீர்கள். நான் பணியில் இருந்தபோது அப்படி வந்த மனு ஒன்றை "விவரம் போதாது" என்று நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். அந்தப் பெண் மறுபடி வரவில்லை. இன்றும் உறுத்துகிறது, அதனால்தான் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன்.

திருவிதாங்கூர் ராஜா காலத்தில் நம் ஆட்களுக்கு அரசு வேலையே கிடையாது என்று தாத்தா சொல்வார். மிகைப்படுத்திச் சொன்னாரா?
— ஓய்வு பெற்ற ஆசிரியர், மார்த்தாண்டம்

மிகை இல்லை. கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 வரை அந்தப் பக்கம்தானே இருந்தன. அந்த அரசு பாகுபாட்டைத் தடுக்கவில்லை என்பதைவிட, அதைச் செய்ததே அந்த அரசுதான் என்பது பொருத்தம்.

டாக்டர் பல்ப்பு கதையை எடுத்துக்கொள்ளுங்கள். திருவனந்தபுரத்துக்காரர், ஈழவர், சென்னையில் மருத்துவம் படித்துத் தேறியவர். சொந்த நாட்டில் மருத்துவர் வேலை கேட்டால் கிடைக்கவில்லை. மைசூர் சமஸ்தானம் கூப்பிட்டு வேலை கொடுத்தது. 1891-இல் 10,000 பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டு ராஜாவிடம் ஒரு மனு போயிற்று, பெரிய பதவிகளெல்லாம் வெளியிலிருந்து வந்த தமிழ்ப் பிராமணர்களுக்கே போகிறது என்று. நாயர், சிரியன் கிறிஸ்தவர், ஈழவர் எல்லாரும் அதில் இருந்தார்கள். பலன் வந்தபோது ஈழவருக்கு வரவில்லை. அதனால் 1896-இல் பல்ப்பு 13,176 பேர் கையெழுத்தோடு தனியாக இன்னொரு மனு கொடுத்தார். அதற்கும் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை.

எனக்கு இதில் ரொம்பச் சுவாரசியமாகப் பட்டது வேறொன்று. வருவாய்த் துறையில் இவர்களை ஏன் எடுக்கவில்லை என்றால், அந்தத் துறைதான் கோயில்களையும் நிர்வகித்தது. தாசில்தார் கோயில் காரியமும் பார்க்க வேண்டும், கோயிலுக்குள் நுழையக் கூடாதவர் எப்படித் தாசில்தார் ஆவது என்பது வாதம். கிறிஸ்தவர், முஸ்லிம், அவர்ணர் (கோயிலுக்குள் விடாமல் ஒதுக்கி வைக்கப்பட்ட சாதியார்) எல்லாரும் ஒரே அடியாக வெளியே. ரொம்ப வருஷம் கேட்டுக் கேட்டு, 1922-இல் தேவசம் துறையை, அதாவது கோயில் நிர்வாகத்தை, வருவாய்த் துறையிலிருந்து பிரித்தார்கள். அதன் பிறகுதான் அந்தக் கதவு கொஞ்சம் திறந்தது. ஒருவரையும் "உனக்கு வேலை இல்லை" என்று சொல்லாமல், வேலையின் அமைப்பையே ஒரு சாராருக்கு ஆகாதபடி வைத்துவிடுவது. இந்த உத்தி இன்றும் வேறு வேறு சட்டை போட்டுக்கொண்டு உலாவுகிறது, அடுத்த கடிதத்தைப் பாருங்கள்.

அப்புறம் 1930-களில் ஈழவர், கிறிஸ்தவர், முஸ்லிம் மூன்று தரப்பும் சேர்ந்து தேர்தலையே புறக்கணித்த நிவர்த்தனப் போராட்டம் வந்தது. அதன் விளைவுகளில் ஒன்று, அரசுப் பணிக்கு ஆள் எடுக்கத் தனி ஆணையர். இதே காலத்தில் சென்னை மாகாணத்தில் 1921-இல் அரசு வேலையைச் சாதி, மத வாரியாகப் பங்கிடும் வகுப்புவாரி அரசாணை போட்டு, 1928-இல் நடைமுறைக்கே கொண்டுவந்துவிட்டார்கள். ஆரல்வாய்மொழிக்கு அந்தப் பக்கம் ஒரு நியாயம், இந்தப் பக்கம் இன்னொன்று.

அம்மா 22 வருஷமாக அண்டியாபீசில் (முந்திரி ஆலையில்) வேலை பார்க்கிறார். ஆண்களுக்குக் கூலி கூட. கேட்டால் "அவங்க வேலை வேற, உங்க வேலை வேற" என்கிறார்கள். நான் கல்லூரியில் படிக்கிறேன், அம்மாவுக்காக எழுதுகிறேன்.
— மாணவி, கருங்கல் பக்கம்

தங்கச்சி, நான் ஆய்வுக்குப் போன முதல் ஆலையே முந்திரி ஆலைதான். வரிசையாகப் பெண்கள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு கையில் கொட்டை, மறு கையில் தட்டுக்கட்டை, பக்கத்தில் சாம்பல். ஓட்டிலிருந்து வரும் எண்ணெய் பட்டால் தோல் பொத்துவிடும், அதனால் கையைச் சாம்பலில் தோய்த்துக்கொள்வார்கள். அப்படியும் விரல் நுனியெல்லாம் கறுப்பு. ஒரு அக்கா சொன்னது நினைவிருக்கிறது, "சார், ரேகை வச்சா மிஷினு எடுக்கமாட்டேங்குது." வறுக்கிற இடத்திலும் மூட்டை தூக்குவதிலும் ஆண்கள். தல்லுவது (ஓட்டை உடைப்பது), தோல் எடுப்பது, தரம் பிரிப்பது எல்லாம் பெண்கள். பெண்களுக்குக் கிலோ கணக்கு, ஆண்களுக்கு நாள் சம்பளம்.

சட்டம், "ஒரே வேலை அல்லது ஒத்த தன்மையுள்ள வேலை"க்குச் சம ஊதியம் என்கிறது. முதலாளி என்ன செய்வார்? ஒரு வேலைக்கு ஒரு ஆணைக்கூட எடுக்கமாட்டார். ஒப்பிட ஆளே இல்லை, எனவே பாகுபாடும் இல்லை. தேவசம் கதைதான். 1987-இல் ஒரு கப்பல் கம்பெனியில் பெண் ஸ்டெனோகிராபர்களுக்குச் சம்பளம் குறைத்த வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. அவர்கள் "கான்ஃபிடென்ஷியல் லேடி ஸ்டெனோகிராபர்கள்", வேறு பதவி என்றது கம்பெனி. வேலையின் பெயரைப் பார்க்காதே, நிஜத்தில் என்ன செய்கிறார்கள், எவ்வளவு திறமையும் உழைப்பும் தேவை என்று பார் என்றது நீதிமன்றம். கம்பெனிக்குக் கட்டுபடியாகாது என்பதும் காரணமாகாது என்றது.

அம்மா ஆலையில் தரம் பிரிப்பதிலோ பேக்கிங்கிலோ ஒரே ஒரு ஆண் இருந்தாலும் போதும், அவருடைய கூலியையும் அம்மாவின் கூலியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மனு போடலாம். அப்படி யாரும் இல்லையென்றால் குறைந்தபட்சக் கூலி வழியாகப் போங்கள். கிலோ கணக்கில் வாங்கினாலும் அரசு நிர்ணயித்த கூலிக்குக் குறையக் கூடாது. ஒரு மாதம் மட்டும் அம்மா தினமும் எத்தனை கிலோ தல்லினார், எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்கு வந்தார் என்று நீங்கள் எழுதி வையுங்கள். அம்மா பெயரில் தனியாக வேண்டாம், பத்துப் பேராகக் கையெழுத்துப் போடட்டும். தனி ஆளை நாளைக்கே வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள், தொழிற்சங்கம் இருந்தால் அதன் வழியாகப் போவது இன்னும் நல்லது.

மாசமாக இருக்கிறேன், ஐந்தாம் மாதம். ஜவுளிக்கடையில் பில்லிங். "வயிறு தெரியுது, நின்னு வேலை பாக்க முடியாது, நீயே எழுதிக் கொடுத்துட்டுப் போயிரு" என்கிறார் சூப்பர்வைசர். சேரும்போதே வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறார்கள். பயமாக இருக்கிறது சார்.
— பெயர் வேண்டாம், நாகர்கோவில்

எழுதிக் கொடுக்காதீர்கள். இதுதான் பதில், மீதி எல்லாம் விளக்கம்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைக்கு மகப்பேறு பயன் சட்டம் பொருந்தும். பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு (முதல் இரண்டு குழந்தைக்கு). 2017 திருத்தத்துக்கு முன் 12 வாரமாக இருந்தது. மகப்பேறு விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்குவது சட்டவிரோதம். அதற்கு முன்பே கர்ப்ப காலத்தில் நீக்கினாலும் அந்தப் பணம் தந்தே ஆக வேண்டும். இந்த 1961-ஆம் ஆண்டுச் சட்டமும் இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டது, உரிமை போகவில்லை. நீங்கள் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டால்தான் எல்லாம் போகும், அதனால்தான் சூப்பர்வைசர் "நீயே" என்கிறார்.

வெற்றுத்தாளுக்கு ஒரு வழி உண்டு. இன்றைக்கே முதலாளிக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம்: நான் இத்தனை மாத கர்ப்பம், இந்தத் தேதி வாக்கில் பிரசவம், விடுப்பு வேண்டும், வேலையை விடும் எண்ணம் இல்லை. நகல் தொழிலாளர் உதவி ஆணையருக்கு. நாளைக்கு அந்தத் தாளில் எதை நிரப்பினாலும் தபால் ரசீதின் தேதி முந்தி நிற்கும்.

நின்று வேலை பார்க்க முடியாது என்றாராமே, உட்கார நாற்காலி எங்கே என்று கேட்டீர்களா? 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, எல்லாப் பணியாளருக்கும் இருக்கை கட்டாயம் என்று வைத்திருக்கிறார்கள். கேரளம் 2018-லேயே செய்துவிட்டது. நம்மூர்க் கடைகளில் நாற்காலி இருக்கிறது, நான் பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் அதன்மேல் சேலைப் பெட்டி இருக்கும்.

வேலைக்குச் சேர எச்.ஐ.வி. டெஸ்ட் ரிசல்ட் கேட்கிறார்கள். கொடுக்க வேண்டுமா?
— குழித்துறை

வேண்டாம். அதை வேலைக்கு நிபந்தனையாக வைப்பதே 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டப்படி தடை, தனியாருக்கும் சேர்த்து. புகாரை விசாரிக்க மாநில அரசு குறைதீர்ப்பாளரை நியமிக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது.

நான் திருநங்கை. மருத்துவ உதவியாளர் பயிற்சி முடித்திருக்கிறேன். மூன்று இடத்தில் போனில் வரச் சொன்னார்கள், நேரில் பார்த்ததும் இடம் நிரம்பிவிட்டது என்றார்கள். சட்டம் இருக்கிறது என்கிறார்கள், எங்கே இருக்கிறது?
— நாகர்கோவில்

இருக்கிறது, பேப்பரில். 2019-ஆம் ஆண்டுச் சட்டம், எந்த நிறுவனமும் வேலை தொடர்பாகத் திருநரிடம் பாகுபாடு காட்டக் கூடாது, ஒவ்வொரு நிறுவனத்திலும் புகார் அலுவலர் வேண்டும் என்கிறது. நீங்கள் போன மூன்று இடத்திலும் "உங்கள் புகார் அலுவலர் யார்" என்று கேட்டிருந்தால் முழித்திருப்பார்கள்.

உங்கள் கேள்வியை உச்ச நீதிமன்றமே 2025 அக்டோபரில் கேட்டது. உத்தரப்பிரதேசத்தில் ஒரு தனியார் பள்ளியில் வேலை இழந்து, குஜராத்தில் இன்னொரு பள்ளியில் வேலையில் சேர முடியாமல் போன ஒரு திருநங்கை ஆசிரியை போட்ட வழக்கு. பள்ளியோடு நிறுத்தாமல், சட்டத்தைப் போட்டுவிட்டு அதை ஓட வைக்காத ஒன்றிய, மாநில அரசுகளையும் நீதிமன்றம் பிடித்தது. செய்ய வேண்டியதைச் செய்யாமல் இருப்பதும் பாகுபாடுதான் என்று சொல்லி இழப்பீடு தரவைத்தது, கொள்கை வகுக்க ஒரு குழுவையும் போட்டது. அரசின் கடமை பற்றி நான் இந்தப் பகுதியில் சுற்றிச் சுற்றிச் சொல்வதை அந்தத் தீர்ப்பு நேராகச் சொல்லிவிட்டது.

நம் மாநிலத்தில் 2008-லேயே திருநங்கைகளுக்கு நல வாரியம் வந்தது. 2015-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு சேலத்துக்காரர் பிரித்திகா யாஷினி சப் இன்ஸ்பெக்டர் ஆனார். ஆனால் அவரும் கோர்ட்டுக்குப் போய்த்தான் வாங்க வேண்டியிருந்தது. நீங்கள் அந்த மூன்று போன் அழைப்புகளின் பதிவை அழித்துவிடாதீர்கள். வரச் சொன்ன நேரம், போன நேரம், அன்றைக்குப் பிறகும் அதே விளம்பரம் வந்ததா என்று பாருங்கள். இடம் நிரம்பிய பிறகும் விளம்பரம் வந்தால் அதைவிட நல்ல சாட்சி இல்லை.

ரப்பர் பால் வெட்டு, கட்டட வேலை, ஓட்டல் எல்லாம் வடநாட்டு ஆட்களுக்கே கொடுக்கிறார்கள். உள்ளூர்க்காரனுக்கு 75 சதவீதம் என்று சட்டம் போட அரசுக்கு என்ன தயக்கம்? இதுவும் பாகுபாடுதானே?
— குலசேகரம்

ஹரியானா அப்படித்தான் 75 சதவீதம் என்று போட்டது. 2023 நவம்பரில் பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. 16-ஆம் பிரிவில் குடியிருக்கும் இடத்தையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள், அரசு வேலையிலேயே அதற்கு விலக்கு தர நாடாளுமன்றத்தால்தான் முடியும்.

உங்கள் ஆத்திரம் புரிகிறது. ஆனால் அண்ணன், வெளியூர் ஆளை எடுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் கூலி குறைவு, கேள்வி கேட்க மாட்டான், எஸ்டேட் கொட்டகையிலேயே கிடப்பான் என்பது. அவனுக்கும் குறைந்தபட்சக் கூலி கொடுக்க வைத்தால் அந்த லாபம் போய்விடும். அதற்கு ஆய்வாளரைக் கூப்பிடுங்கள், நானே மனு எழுதித் தருகிறேன். இன்னொன்று, களியக்காவிளை தாண்டி எத்தனை ஆயிரம் குமரி ஆட்கள் கேரளத்தில் வேலை பார்க்கிறார்கள், வளைகுடாவில் எத்தனை பேர். அங்கேயும் எவனாவது இதே கடிதத்தை எழுதிக்கொண்டிருப்பான்.

போலியோவால் ஒரு கால் வராது. டிப்ளமோ படித்திருக்கிறேன். கம்பெனியில் "படி ஏற முடியுமா" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள், வேலை கம்ப்யூட்டரில்தான். தவிர, இந்த மனுவெல்லாம் எங்கே கொடுப்பது? போனால் அலையவிடுகிறார்கள்.
— குளச்சல்

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அரசு வேலையில் 4 சதவீத இடம் என்பது எல்லாருக்கும் தெரியும். தனியாருக்கும் அதில் வேலை இருக்கிறது என்பது தெரியாது. ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வைத்துப் பதிவு செய்ய வேண்டும். அந்தக் கம்பெனிக்கு மெயில் போட்டு, "உங்கள் சம வாய்ப்புக் கொள்கையின் நகல் வேண்டும்" என்று மட்டும் கேளுங்கள், வேறு ஒன்றும் எழுத வேண்டாம். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அதை இணைத்து மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு அனுப்புங்கள். கம்ப்யூட்டர் தரைத்தளத்திலும் ஓடும் என்று அவர்களுக்குத் தெரியாமல் இல்லை.

மனு எங்கே கொடுப்பது என்றால், திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் மக்கள் குறைதீர்க்கும் நாள் இருக்கவே இருக்கிறது. வாங்கிக்கொண்டு சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்புவார்கள். துறை ஒன்றும் செய்யாவிட்டால், மனு மீது என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். உள்ளே இருந்தவன் சொல்கிறேன், மூலையில் கிடக்கும் ஃபைல் மேலே வருவது அந்த ஒரு தாளைப் பார்த்துத்தான். வக்கீல் வேண்டுமென்றால் நாகர்கோவில் கோர்ட் வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு. பெண்கள், மாற்றுத்திறனாளிகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எவ்வளவு வருமானம் இருந்தாலும் இலவசம். 15100 என்று போன் செய்தாலும் போதும்.

போன மாதம் அப்படி ஒரு திங்கள்கிழமை உறவுக்காரப் பையன் ஒருவனோடு கலெக்டர் ஆபீஸ் போயிருந்தேன். வெளியே மரத்தடியில் மனு எழுதிக் கொடுக்கும் ஒரு அம்மா, மடியில் அட்டை, அதன்மேல் கார்பன் வைத்த தாள். எனக்கு முன்னால் நின்ற பெண்ணிடம் கேட்டார், "பெறுநர் யாருன்னு போடணும் மக்கா?" அந்தப் பெண், "கவர்மென்டுன்னு போடுங்க" என்றாள். "கவர்மென்டுல யாருக்கு?" என்றார் அந்த அம்மா. அவளுக்குத் தெரியவில்லை. நான் சொல்லிக் கொடுத்தேன்: தொழிலாளர் உதவி ஆணையர், நாகர்கோவில். நகல், மாவட்ட ஆட்சியர். எழுதி முடித்ததும் உள்ளே போய்க் கொடுத்து, ரசீதை வாங்கிப் பர்சில் நான்காக மடித்து வைத்துக்கொண்டு பஸ்சுக்குப் போய்விட்டாள்.

குளச்சல் தம்பி, நீங்களும் கொடுத்துவிட்டு ரசீது எண்ணை எனக்கு எழுதுங்கள்.